ஒரு கிராமத்து மண்

இங்கிலாந்துக்குப் போய் வருகிறவர்களுக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. லண்டன் கோபுரம், பக்கிங்ஹாம் அரண்மனை, ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு, ஸ்டோன்ஹெஞ்சு என்னும் நட்ட கற்கள் - இவற்றின் முன்னால் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பினால் யாத்திரை பூர்த்தியாகிவிடும். இந்த அட்டவணையின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு தேசத்தின் சரித்திரத்தை அறிய வேண்டுமானால் அதன் ராஜதானியைப் பார்ப்பதைவிட, ஏதாவது ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த மண்ணில் என்ன என்ன அகப்பட்டிருக்கிறது என்று விசாரிப்பது மேல் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அரண்மனைகளில் ராஜாக்கள் தாங்கள் காட்ட விரும்பியதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மண்ணுக்கு அந்த மாதிரிப் பாரபட்சம் இல்லை.

லண்டனில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா! இன்று எங்கே போகலாம், சொல்லுங்கள்" என்று கேட்டான்.

"ஹாக்ஸனுக்கு" என்றேன்.

அவன் அங்கே பத்து வருஷமாக வசிக்கிறான். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. தேசப் படத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "ஹாக்ஸ்னே என்று ஓர் ஊர் இருக்கிறதே, அதுவா?" என்றான். அதேதான். எழுதுவது ஒரு விதம், உச்சரிப்பது வேறு விதம் என்னும் இங்கிலீஷ் பாஷையின் தர்மத்துக்கு அந்தச் சிற்றூரும் கட்டுப்பட்டிருக்கிறது.

சபோக் ஜில்லாவின் வட எல்லையில், வேவனி நதிக்குத் தெற்கே இருக்கிறது ஹாக்ஸன். நதிக்கு அக்கரை நார்போக் ஜில்லா. லண்டனிலிருந்து ரயிலில் போனால் டிஸ் என்னும் சிறு பட்டணத்தில் இறங்கி, அங்கிருந்து ஐந்தாறு மைல் போகவேண்டும். ஒரு மேட்டின் மேல் மாதாகோவில். கீழே ஒரு பசும்புல் மைதானம். பழைய சத்திரம் ஒன்று. அதன் அருகே ஒரு சிற்றோடை. சுற்றிலும் கோதுமையும் பார்லியும் விளையும் வயல்கள். இவ்வளவுதான் ஊர். இங்கிலீஷ்காரர் 'பாரிஷ்' என்று சொல்வது இப்படி ஒரு மாதாகோவிலைச் சேர்ந்த கிராமத்தையும் அதன் சுற்றுப்புறத்தையுமே. காரை விட்டு இறங்கியதும் என் மருமான் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, மாமா?" என்று கேட்டான்.

பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்பது வாஸ்தவந்தான். கேட்பதற்கு இருக்கிறது. அந்த ஊர் மண்ணில் அகப்பட்ட மூன்று பொருள்களைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். அவற்றை நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

*

முதலாவது, கல்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஹாக்ஸனில் செங்கல் அறுப்பதற்காகக் களிமண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். டிஸ் பட்டணத்துக்கு அருகே வசித்த ஜான் பிரீர் என்னும் கனவான் அந்தக் குழியைப் பார்க்க வந்தார். அடியில் இருந்த சரளை மண்ணிலிருந்து சில சிக்கிமுக்கிக் கற்கள் வந்துகொண்டிருந்தன. வேல்முனை போல் இரு பக்கமும் செதுக்கப்பட்ட கற்கள் அவை. இயற்கையில் உடைந்த கல் அப்படி இராது. மனிதன் கைபட்டுத்தான் அந்த உருவம் வந்திருக்க வேண்டும் என்று பிரீர் கண்டுகொண்டார்.

இத்துடன் அவர் நின்றிருந்தால், வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இரண்டு கற்கள் சேர்ந்திருக்கும், அவ்வளவே. பிரீர் வேறொரு காரியம் செய்தார். குழியின் பக்கச் சுவரை அளந்தார். மேலே 1½ அடி சாதாரண மண். அதன் கீழே 7½ அடி களிமண். அதற்கும் கீழே சிப்பிகள் கலந்த மணல் 1 அடி. பிறகுதான் கற்கள் கிடந்த சரளை. மணல் அடுக்கில் இன்னதென்று தெரியாத ஒரு பெரிய மிருகத்தின் தாடை எலும்பும் கிடைத்திருந்தது. இவற்றையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதி, லண்டனில் இருந்த பழம்பொருள் ஆராய்ச்சிச் சங்கத்துக்கு 1797-ல் அனுப்பினார். உலோகமே அறியாத மனிதர்கள் செய்த ஆயுதங்கள் இவை. இவை கிடக்கும் நிலையைப் பார்த்தால் நாம் காணும் இந்த உலகத்துக்கும் முற்பட்ட காலத்தவை என்று நினைக்கத் தோன்றுகிறது என்பது அவர் எழுதியதன் சாரம்.

உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷந்தான் ஆயிற்று என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சங்கத்தார் கடிதத்தை மரியாதையாக வாசித்தார்கள், 1800-ல் அச்சிட்டார்கள், மரியாதையாக மறந்தும் போனார்கள். அறுபது வருஷம் கழிந்தது. 1859-ல் ஜான் எவான்ஸ், ஜோசப் பிரஸ்ட்விச் என்னும் இருவர் பிரான்சு தேசத்தில் இதே மாதிரியான கற்கள் சரளை மண்ணில் கிடப்பதைப் பார்த்து வந்தார்கள். லண்டனுக்குத் திரும்பிய எவான்ஸின் கண்ணில், சங்கத்தின் அலமாரியில் கிடந்த ஹாக்ஸன் கற்கள் பட்டன. பிரீரின் கடிதத்தைத் தேடி எடுத்தார்கள். ஹாக்ஸனுக்குப் போய்க் குழியைச் சோதித்தார்கள். அவர் எழுதியது அட்சரம் பிசகாமல் இருந்தது. இன்றைய ஆராய்ச்சியாளர் அந்தக் கற்களுக்குச் சொல்லும் வயது ஏறக்குறைய 4 லட்சம் ஆண்டு. பனியுகங்களுக்கு இடைப்பட்ட ஒரு வெப்பகாலத்துக்கே இந்தக் கிராமத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

1859-ல் எழுந்த இந்தப் பரபரப்பின் அலை நம்முடைய கரையிலும் வந்து மோதிற்று. பூகர்ப்ப இலாகாவில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கேயும் தேடலானார். 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், செம்புரைச் சரளைக் குழி ஒன்றில் ஒரு கைக்கோடரி அகப்பட்டது. சில மாதங்களில் அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கற்களில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். இதைச் சொன்னபோது என் மருமானின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் போட்டியில் ஜயித்தது போல் கொண்டாடுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. அந்தக் கற்களைச் செதுக்கியவர்கள் தமிழரும் அல்லர், இங்கிலீஷ்காரரும் அல்லர், இருவருக்கும் முற்பட்டவர்கள்.

நான் அவனுக்குச் சொல்ல நினைத்தது வேறு விஷயம். பிரீர் தம் கடிதத்தில் ஒரு சிறு சம்பவத்தைக் குறித்திருக்கிறார். இந்தக் கற்கள் வேடிக்கைப் பொருள்கள் என்று தெரிவதற்கு முன்னால், செங்கல் வேலைக்காரர் அவற்றைக் கூடை கூடையாக வாரிக்கொண்டு போய்ப் பக்கத்துச் சாலையில் வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளங்களில் கொட்டிவிட்டாராம்! அவரைக் குறை சொல்வதற்கில்லை. சாலை பள்ளமாக இருந்தது. கல் கையில் இருந்தது. கூடையில் போன கல்லும் பிரீரின் கையில் இருந்த கல்லும் ஒரே கல்தான். ஒன்று சாலைக்கு அடியில் போயிற்று. மற்றொன்று மனித ஜாதியின் வயதை மாற்றி எழுதிற்று. வித்தியாசம் கல்லில் இல்லை. அது எந்த ஆழத்தில், எதன் கீழே, எதன் மேலே கிடந்தது என்று ஒருவர் எழுதி வைத்தாரே, அதில்தான் இருக்கிறது.

பிரீர் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய பேரர் ஸர் பார்ட்டில் பிரீர் 1862 முதல் 1867 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்தார். அதே வம்சத்தில் வந்த மேரி லீக்கி அம்மையார் 1959-ல் ஆப்பிரிக்காவில் ஆதி மனிதக் கிளை ஒன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். பாட்டனாரின் சொத்துக்கு உண்மையான வாரிசு கவர்னரா, அந்த அம்மையாரா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

*

இரண்டாவது பொருள், இரும்பு. இதில் கதை அதிகம், சாட்சி குறைவு.

கிழக்கு ஆங்கிலியா என்று வழங்கிய அந்தப் பிரதேசத்தை எட்மண்ட் என்னும் ராஜா ஆண்டுவந்தான். 869-ம் வருஷத்தில் கடல் கடந்து வந்த டேனியர் அவனைக் கொன்றார்கள். பிற்காலத்தில் இங்கிலீஷ்காரர் அவனை மகானாகக் கொண்டாடினார்கள். அவன் உயிர் நீத்த இடம் தங்கள் ஊரே என்று ஹாக்ஸன்வாசிகள் சொல்லுகிறார்கள். பகைவர்களுக்குத் தப்பி வந்த எட்மண்ட் ஓடைப் பாலத்தின் அடியில் ஒளிந்துகொண்டானாம். புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி பாலத்தைக் கடந்தபோது, அவனுடைய பொன் குதிமுள் தண்ணீரில் மின்னியதைக் கண்டு காட்டிக்கொடுத்துவிட்டார்களாம். அரசன் சாபமிட்டான். அதனால் மணப்பெண்கள் அந்தப் பாலத்தில் கால் வைக்கக்கூடாது என்று வெகுகாலம் அங்கே நம்பிக்கை இருந்தது. 'மூடநம்பிக்கை கீழ்நாட்டாரின் தனிச் சொத்து' என்று எழுதிவைத்த வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் இந்தப் பாலத்தின் பக்கம் வந்திருக்க மாட்டார்கள் போலும்.

எட்மண்டை ஓர் ஓக் மரத்தில் கட்டி அம்பு எய்து கொன்றார்கள் என்பது ஐதீகம். ஹாக்ஸனில் அந்த மரம் என்று சொல்லப்பட்ட கிழமரம் ஒன்று இருந்தது. 1848-ல் அது தன் பாரம் தாங்காமல் விழுந்தது. மரத்தைப் பிளந்தபோது உள்ளே அம்புமுனை போன்ற இரும்புத் துண்டு ஒன்று அகப்பட்டது என்று சொன்னார்கள். மரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு கற்சிலுவை நிற்கிறது. வயல் நடுவே அந்தச் சிலுவையைப் பார்த்தபோது எனக்கும் மனம் உருகத்தான் செய்தது. ஆயினும் சரித்திரக்காரர்கள் தலையை ஆட்டுகிறார்கள். பழைய நூல் குறிப்பிடும் இடம் ஹாக்ஸன்தானா என்பதிலேயே தகராறு. நார்போக்கிலும், சபோக்கின் வேறொரு மூலையிலும் வேறு ஊர்கள் அந்தப் பெருமைக்கு வழக்காடுகின்றன. இரும்புத் துண்டோ வழக்கைத் தீர்க்கவில்லை. நம்புகிறவர்களுக்கு அது அம்பு; நம்பாதவர்களுக்கு இரும்பு.

*

மூன்றாவது, பொன்னும் வெள்ளியும்.

1992-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி. ஹாக்ஸனுக்குத் தென்மேற்கே ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டுவந்த விவசாயி தம்முடைய சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் ஒருவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உலோகம் இருக்கும் இடத்தைச் சப்தமிட்டுக் காட்டும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. சுத்தியலைத் தேடிக் கொடுக்கும்படி விவசாயி அவரை அழைத்தார். கருவி சப்தமிட்டது. தோண்டினார். வெள்ளிக் கரண்டிகள் வந்தன, பொன் நகை வந்தது, நாணயங்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன.

இந்த இடத்தில் நேயர்கள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்க வேண்டும். பொழுது சாயும் நேரம், ஆளரவமற்ற வயல், கையில் பொன். நீங்களோ நானோ என்ன செய்வோம்? அந்த முதியவர் இரண்டு பைகள் நிறையும் அளவுக்கு எடுத்தார். அதற்கு மேல் மண்ணைத் தொடவில்லை. நிலத்தின் சொந்தக்காரர்களான ஜில்லா நிர்வாகத்தாருக்கும் போலீஸாருக்கும் சொல்லி அனுப்பினார்கள். மறுநாளே ஆராய்ச்சியாளர்கள் வந்து, வெளியாருக்குத் தெரியாமல் அந்த இடத்தைத் தோண்டிப் புதையலை எடுத்தார்கள்.

அவர் நிறுத்தியதனால் என்ன லாபம்? ஓர் ஓக் மரப் பெட்டி அங்கே இருந்தது தெரியவந்தது. மரம் மக்கிப் போயிருந்தாலும் அதன் அளவு தெரிந்தது: ஏறக்குறைய 2 அடி நீளம், 1½ அடி அகலம், 1 அடி உயரம். அதற்குள் சிறு பெட்டிகள், சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுகளுடன் இருந்தன. எந்தப் பொருள் எதன் அருகே எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பது புரிந்தது. யாரோ அவசரத்தில் அள்ளிப் போட்டு ஓடவில்லை. நிதானமாக அடுக்கி, பூட்டி, திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று புதைத்திருக்கிறார்கள். நாணயங்கள் ஏறக்குறைய 15,000. அவற்றில் பொன் நாணயம் மட்டும் 500-க்கு மேல். கடைசி நாணயங்கள் 407, 408-ம் வருஷங்களைச் சேர்ந்தவை. பிரிட்டனில் ரோமர் ஆட்சி முடிந்துகொண்டிருந்த தறுவாய் அது. வெள்ளி நாணயங்களில் பெரும்பாலானவற்றின் ஓரத்தை நறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஒரு சாம்ராஜ்யம் கலைகிறபோது ஜனங்கள் நாணயத்தின் விளிம்பில் கைவைத்து விடுகிறார்கள்! ஒரு பொன் வளையலில், 'ஜூலியானா அம்மாளே, இதைச் சுகமாக அணிந்துகொள்வாயாக' என்ற பொருளில் எழுத்து வெட்டியிருக்கிறது. அந்த அம்மாள் யார், எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியாது. திரும்பி வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பிரிட்டிஷ் மியூஸியம் புதையலை எடுத்துக்கொண்டு 17½ லட்சம் பவுன் கொடுத்தது. கண்டெடுத்தவர் அதை விவசாயியுடன் பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் பிறகு அகப்பட்டது. மியூஸியத்தில் அதற்கும் இடம் கிடைத்தது!

இதைக் கேட்ட என் மருமான், "மாமா, பரிசு கிடைக்கும் என்று தெரிந்தால் யார்தான் சொல்லமாட்டார்கள்?" என்றான்.

நல்ல கேள்விதான். ஆனால் பரிசு எவ்வளவு, எப்போது என்பது ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் தீர்மானமாயிற்று. பெட்டியின் அருகே நின்றபோது முதியவரிடம் இருந்தது நம்பிக்கை ஒன்றே: நான் உண்மையைச் சொன்னால் என்னைத் திருடனாக நடத்தமாட்டார்கள் என்னும் நம்பிக்கை. ஏழைக் குடியானவனுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்கிற ராஜ்யத்தில் புதையல் மியூஸியத்துக்குப் போகும். கொடுக்காத ராஜ்யத்தில் அது தட்டானின் குகைக்குப் போய் உருகும். சட்டம் இயற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹாக்ஸன் புதையலுக்குப் பிறகு, 1996-ல் இங்கிலாந்தில் புதுச் சட்டம் செய்து, கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்றும், நியாயமான வெகுமதி உண்டு என்றும் விதித்தார்கள்.

*

லண்டனுக்குத் திரும்பிய சில நாளில் அந்தப் புதையலையும் பார்த்தேன். ஹாக்ஸன் குழந்தைகள் தங்கள் ஊர்ப் பொன்னைப் பார்க்க வேண்டுமானால் லண்டனுக்கு வரவேண்டும். இதில் அவர்களுக்கு ஒரு துணை உண்டு. 1859-ல் சென்னையிலிருந்து கப்பலேறிய அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்களும் அதே மாளிகையில்தான் இருக்கின்றன. ஹாக்ஸன்காரருக்காவது ரயில் சார்ஜோடு போயிற்று!

புதையலில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது பொன் அல்ல. நாலங்குல உயரமுள்ள ஒரு வெள்ளிப் பெண். கூந்தலை அழகாக முடிந்து, கையில் ஓர் ஓலைச்சுருளுடன் இருக்கும் அவளைச் 'சக்கரவர்த்தினி' என்று அழைக்கிறார்கள். உண்மையில் அவள் ஒரு மிளகுச் சிமிழ். அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அதை ஒரு பக்கம் திருப்பினால் மிளகுப் பொடியை உள்ளே போடலாம்; மற்றொரு பக்கம் திருப்பினால் சிறு துவாரங்களின் வழியாகத் தூவலாம்; இன்னும் திருப்பினால் மூடிக்கொள்ளும். இம்மாதிரிச் சிமிழ்கள் அந்தப் பெட்டியில் நான்கு இருந்தன.

மிளகு இங்கிலாந்தில் விளைவதில்லை. ரோமாபுரியிலும் விளைவதில்லை. அது விளைந்தது நம் மேற்கு மலைச் சாரலில். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த யவனக் கப்பல்கள் பொன்னைக் கொடுத்துச் சேர நாட்டு முசிறியில் மிளகு வாங்கிச் சென்றதை அகநானூறு சொல்லுகிறது. எகிப்தில், செங்கடல் கரையில் இருந்த பெரினிக்கே துறைமுகத்துக் கோயில் ஒன்றில், நம் நாட்டுத் தாழியில் சுமார் 7½ கிலோ மிளகு அப்படியே கிடந்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து நைல் நதி வழியே அலெக்ஸாந்திரியா, பிறகு ரோமாபுரி, பிறகு சாம்ராஜ்யத்தின் வடகோடியில் குளிரில் நடுங்கும் ஹாக்ஸன். அந்தப் பெட்டி புதைந்த அதே காலத்தில், 408-ல், ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் என்னும் கோத்தியத் தலைவன், பொன்னோடும் வெள்ளியோடும் பட்டோடும் 3,000 ராத்தல் மிளகையும் கப்பமாகக் கேட்டான். மிளகின் மதிப்பு அவ்வளவு!

அந்த வியாபாரத்தில் நமக்கு வந்த ரோமப் பொன் என்ன ஆயிற்று? நம் மண்ணிலும் அது புதைந்துதான் கிடந்தது. 1847-ல் மலையாளக் கரையில், கண்ணனூருக்கு அருகே, ரோமப் பொன் நாணயங்கள் ஏராளமாக வெளிப்பட்டன. ஐந்து கூலிச் சுமை என்று சொல்லுகிறார்கள். சில நூறு நாணயங்கள் ஆராய்ச்சிக்காரர் கைக்கு வந்தன; மற்றவை போன இடம் தெரியவில்லை. எந்தப் பாத்திரத்தில் இருந்தன, எப்படி அடுக்கியிருந்தன, மிளகு விற்றுச் சேர்த்தவன் யார் என்னும் கேள்விகளுக்கு இனி ஒருவராலும் விடை சொல்ல முடியாது. மிளகு வழியின் ஒரு கோடியில், வாங்கினவனின் சிமிழ் பூட்டும் பெட்டியுமாக நமக்குக் கிடைத்திருக்கிறது. மறு கோடியில், விற்றவனின் கதை கூலிச் சுமையாகப் போய்விட்டது.

நம் ஊர்களில் கிணறு வெட்டுகிறோம், அஸ்திவாரம் தோண்டுகிறோம், ஏரி தூர் வாருகிறோம். மண்வெட்டியில் தாழியின் விளிம்பு தட்டுப்படாத வட்டாரம் குறைவு. பச்சைக் கல்மணி, கறுப்பும் சிவப்புமான ஓடு, எழுத்துக் கீறிய சில்லு, எது வேண்டுமானாலும் வரலாம். அந்த வேளையில் மண்வெட்டி பிடித்தவரிடம் பட்டம் எதுவும் தேவையில்லை. கையை நிறுத்திக்கொண்டு, எத்தனை அடி ஆழம், எந்த மண், பக்கத்தில் என்ன என்று பார்த்து, சொல்லவேண்டிய இடத்தில் சொன்னால் போதும். ஹாக்ஸனில் அதைச் செய்தவர் ஒரு தோட்டக்காரர்.